காந்த மலையில் வண்டி ஏன் 'மேலே' போகிறது?

லடாக்கில், லே நகரிலிருந்து கார்கில் போகும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் சாலையோரம் ஒரு பலகை வரும். புவியீர்ப்பையே மீறும் அதிசயம் இது என்கிறது அந்தப் பலகை. பக்கத்தில் தார்ச்சாலை மேலேயே வெள்ளைப் பெயின்டில் ஒரு கட்டம் போட்டிருக்கும். வண்டியை அதற்குள் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டால் வண்டி சற்றுத் தயங்கும். பிறகு, கண்ணெதிரே மேடாகத் தெரியும் பக்கமாக உருளத் தொடங்கும். 20 கிலோமீட்டர் வேகம் வரை போகும் என்பார்கள்.

வீடியோவில் பார்த்தாலும் அப்படியேதான் தெரிகிறது. கேமராவில் தில்லுமுல்லு கிடையாது. வண்டி உருள்வது உண்மை, சாலை மேடாகத் தெரிவதும் உண்மை. இந்த இரண்டையும் முடிச்சுப் போடச் சொல்லும் விளக்கங்களில்தான் கோளாறு. மலைக்குள் பெரிய காந்தம் இருக்கிறது, விமானங்கள் பயந்து உயர்த்திப் பறக்கின்றன, புண்ணியம் செய்தவர்களைச் சொர்க்கத்துக்கு இழுத்துக்கொள்ளும் பாதை இது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இதே வித்தை உலகில் பல இடங்களில் நடக்கிறது. கனடாவின் மாங்டன் நகரில் ஒரு காந்த மலை உண்டு. 1933-ல் சில பத்திரிகையாளர்கள் காரில் போய்ச் சோதித்து எழுதியதிலிருந்து அது சுற்றுலாத் தலமாகிவிட்டது. அமெரிக்காவின் புளோரிடாவில் லேக் வேல்ஸ் என்ற ஊரில் 'பேய் மேடு' இருக்கிறது. பழங்குடித் தலைவன் ஒருவனும் ராட்சத முதலையும் போரிட்ட இடம் என்பது அங்குள்ள கதை. தென்கொரியாவின் ஜேஜு தீவில் இருப்பதற்குக் குட்டிச்சாத்தான் சாலை என்று பொருள்படும் பெயர். இத்தாலியில் ரோமுக்குப் பக்கத்தில் அரீச்சா, குஜராத்தில் துளசிஷ்யாம் என்று பட்டியல் நீளும். சத்தீஸ்கரின் மெயின்பாட்டில் வண்டிக்குப் பதிலாகத் தண்ணீரே மேடேறுவதாகச் சொல்கிறார்கள். ஊருக்கு ஊர் கதை மாறுகிறது, நடப்பது மட்டும் ஒன்றேதான்.

இந்த இடங்களுக்குப் பொதுவாக ஈர்ப்பு மேடு என்று பெயர் வைத்துக்கொள்வோம்: இறக்கமான ஒரு பாதை, சுற்றுப்புறத்தின் அமைப்பால் ஏற்றமாகத் தெரியும் இடம். விடை இந்த வரியிலேயே இருக்கிறது. ஆனால் 'கண் ஏமாறுகிறது' என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் யாரும் நம்புவதில்லை. என் கண் இவ்வளவு ஏமாறுமா என்றுதான் கேட்பார்கள். ஏமாறும். எப்படி என்று பார்க்கலாம்.

## மொட்டை மாடியில் நிற்கும் தண்ணீர்

வீடு கட்டியவர்களுக்கு வாட்டம் என்ற சொல் தெரியும். மழைத்தண்ணீர் குழாய் வாய்க்கு ஓடும்படி மொட்டை மாடித் தளத்துக்குக் கொடுக்கும் சரிவுதான் அது. குளியலறைத் தரைக்கும் இதே கணக்கு. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே தண்ணீர் ஓடிவிடும்.

தளம் போட்டு முடித்ததும் கொத்தனார் என்ன செய்கிறார்? கண்ணால் பார்த்து 'வாட்டம் சரி' என்று சொல்வதில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுகிறார். நாற்பது வருட அனுபவம் உள்ளவரும் ஊற்றித்தான் பார்க்கிறார். நூற்றில் ஒரு பங்குச் சரிவைக் கண்ணால் நம்பிச் சொல்ல முடியாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அப்படியும் முதல் மழையில் குழாய்க்கு எதிர்மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கும் வீடுகள் எத்தனையோ.

சரிவைச் சொல்ல ஒரு எளிய முறை இருக்கிறது. 100 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்குகிறது என்றால் அது '100-க்கு 1'. இதைத்தான் சரிவு விகிதம் என்கிறோம். கோணத்தில் சொன்னால் அரை டிகிரியைவிடச் சற்று அதிகம், அவ்வளவே.

ஸ்காட்லாந்தின் அயர்ஷர் பகுதியில் 'மின்சார மேடு' என்று ஒரு சாலை இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் செய்த நல்ல காரியம், அளவைக் கல்லில் வெட்டிச் சாலையோரம் நட்டு வைத்தது. சாலையின் மேற்குக் கோடியில் உள்ள வளைவு கடல்மட்டத்திலிருந்து 286 அடி உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ கால் மைல் தள்ளி, கிழக்கே மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்குப் பக்கம் 303 அடி. வளைவிலிருந்து அந்தப் பக்கம் நோக்கிச் சாலை 86-க்கு 1 என்ற விகிதத்தில் ஏறுகிறது. பார்ப்பவருக்கோ இறங்குவதாகத் தெரியும். மின்சாரமோ காந்தமோ இழுக்கிறது என்று ஒரு காலத்தில் தவறாக நினைத்ததால் வந்த பெயர் இது என்றும் அந்தக் கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள்.

86-க்கு 1 என்றால் முக்கால் டிகிரிகூட இல்லை. நம் குளியலறை வாட்டம்தான் இங்கே ஒரு சாலையாக நீண்டு கிடக்கிறது.

## கண் எதைப் பிடித்துக்கொண்டு மட்டம் பார்க்கிறது?

கண்ணுக்குள் ரசமட்டம் (குமிழியை வைத்து மட்டம் பார்க்கும் கருவி) எதுவும் இல்லை. எது மட்டம், எது சாய்வு என்று முடிவு செய்ய மூளைக்கு மூன்று உதவிகள் உண்டு.

முதலாவது தொடுவானம். வானமும் நிலமும் சேர்வதுபோல் தெரியும் கோடு. கடற்கரையில் நின்று பார்த்தால் அது உங்கள் கண்ணின் உயரத்திலேயே தெரியும். கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்த்தாலும் கூடவே ஏறிவந்து மறுபடி ஏறக்குறைய கண்ணின் உயரத்திலேயே நிற்கும். ஆகவே மட்டம் பார்க்க அதைவிட நம்பகமான கோடு வெளியில் கிடையாது. மலைப்பகுதியில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது: அங்கே உண்மையான தொடுவானம் தெரியாது. மலைமுகடு மறைத்துக்கொள்ளும். மூளை சும்மா இராமல் அந்த முகட்டையோ, எதிர்ச்சரிவின் விளிம்பையோ தொடுவானமாக எடுத்துக்கொள்ளும். அந்த விளிம்பு சாய்ந்திருந்தால் அதை வைத்துப் பார்க்கும் எல்லாமே சாயும்.

இரண்டாவது, நிமிர்ந்து நிற்கும் பொருள்கள். சுவர், மின்கம்பம், தென்னை. இவை செங்குத்தாக நிற்கின்றன என்று மூளை கேட்காமலே நம்பும். அவை கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்து நின்றால், சாய்ந்தது மரம் என்று தோன்றாது, தரை சாய்ந்திருப்பதாகத் தோன்றும். லடாக்கில் அந்த இடத்தைச் சுற்றி மரமும் இல்லை, வீடும் இல்லை. மொட்டை வெளியும் மலைச்சரிவுமாகக் கிடப்பதால் சரிபார்க்க ஒரு செங்குத்துக் கோடுகூடக் கிடைக்காது.

மூன்றாவது, உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு. தலை சாய்ந்தால் சொல்லும் வேலை அதனுடையது. படுப்பதற்கும் நிற்பதற்கும் வித்தியாசம் சொல்லும், தடுமாறினால் எச்சரிக்கும். ஒரு டிகிரிச் சாய்வுக்கெல்லாம் அது அலட்டிக்கொள்ளாது. அதிலும் மெத்தென்ற கார் இருக்கையில், பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது அதன் சாட்சியம் எடுபடவே போவதில்லை.

மூன்றில் இரண்டு தவறிவிட்டால் மூன்றாவது கண்ணிடம் தோற்கும். ரயிலில் இதைப் பார்த்திருப்பீர்கள். நம் வண்டி நின்றிருக்க, பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பும். ஒரு கணம் நாமே நகர்வதாகத் தோன்றும். உடம்பு அசையவில்லை என்று உள்காது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது, யார் கேட்கிறார்கள்?

1948-ல் சாலமன் ஆஷ், ஹெர்மன் விட்கின் என்ற உளவியலாளர்கள் இதை ஆய்வுக்கூடத்திலேயே காட்டினார்கள். இருட்டறையில் ஒளிரும் சதுரச் சட்டம் ஒன்று, அதற்குள் ஒளிரும் ஒரு கோல். கோலை நேராக நிமிர்த்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டுச் சட்டத்தை மட்டும் சாய்த்து வைத்தார்கள். பலரும் கோலைச் சட்டத்தின் பக்கமாகச் சாய்த்துவிட்டு 'இப்போது நேராக இருக்கிறது' என்றார்கள். ஈர்ப்பு மேட்டில் அந்தச் சட்டத்தின் இடத்தில் மலைச்சரிவு இருக்கிறது, கோலின் இடத்தில் சாலை.

## பக்கத்துச் சரிவு செய்யும் வேலை

தொடுவானம் மறைந்தால் மட்டும் போதாது. இன்னொரு பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும்: இதைவிடச் செங்குத்தான இறக்கம்.

மலைப்பாதையில் இருசக்கர வண்டியிலோ சைக்கிளிலோ இறங்கியவர்களுக்குப் புரியும். கடுமையான இறக்கம் முடிந்து லேசான இறக்கம் வரும்போது, எதிரே ஒரு ஏற்றம் வருவதுபோல் தோன்றும். மிதிக்கத் தயாராவோம், சைக்கிள் தானாகவே ஓடும். வெந்நீரில் வைத்த கையை எடுத்துச் சாதாரணத் தண்ணீரில் வைத்தால் சில்லென்று இருப்பதுபோலத்தான் இதுவும். பழகிய அளவை வைத்துக் கண் அடுத்ததை எடைபோடுகிறது.

இத்தாலியின் பாவொலா பிரெசான், லூயிஜி கார்லாஸ்கெல்லி, மோனிகா பர்ராகானோ ஆகிய மூவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதை மேசை மேலேயே செய்து காட்டியது. சாலைத் துண்டுகள்போலப் பலகைகளைப் பல கோணங்களில் அடுக்கி மாதிரிகள் செய்தார்கள். ஒரு துளை வழியாகப் பார்க்கச் சொல்லி, எந்தத் துண்டு ஏறுகிறது, எது இறங்குகிறது என்று கேட்டார்கள். லேசாக இறங்கும் ஒரு துண்டுக்கு முன்னாலோ பின்னாலோ பக்கத்திலோ செங்குத்தான இறக்கம் இருந்தால், அந்தத் துண்டு ஏறுவதாகவே பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. தொடுவானமாகத் தெரியும் கோட்டை உயர்த்தித் தாழ்த்தினால் சரிவும் மாறித் தெரிந்தது. மேசை மேல் காந்தமும் இல்லை, பேயும் இல்லை.

சரிவை மதிப்பிடுவதில் கண் எவ்வளவு மோசம் என்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் டென்னிஸ் பிராஃபிட் குழுவினர் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரி மேட்டைக் காட்டி எத்தனை டிகிரி என்று கேட்டபோது மக்கள் சொன்னது ஏறத்தாழ 20. பதினைந்து டிகிரி பிசகும் கண்ணுக்கு, ஈர்ப்பு மேட்டில் தேவைப்படும் ஒன்றிரண்டு டிகிரிப் பிசகு ஒரு பொருட்டா?

இதுவரை வந்ததைத் தொகுத்துக்கொள்வோம். சாலை உண்மையில் லேசாக இறங்குகிறது. உண்மையான தொடுவானம் மலையால் மறைந்திருக்கிறது. பக்கத்தில் இதைவிடச் செங்குத்தான இறக்கம் இருக்கிறது. சரிபார்க்கச் செங்குத்தான பொருள் எதுவும் இல்லை, அல்லது இருப்பதும் சாய்ந்திருக்கிறது. இவை ஒரே இடத்தில் கூடினால் இறக்கம் ஏற்றமாகத் தெரியும். எங்கோ சில இடங்களில் மட்டும் இது நடப்பதற்கும் அதுதான் காரணம்.

## வண்டி ஏன் அவ்வளவு மெதுவாக நகர்கிறது?

'அது இறக்கம்தான் என்றால் வண்டி சட்டென்று ஓட வேண்டாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

டயர் உருளும்போது தரையில் பட்டு அமுங்கி நிமிர்கிறது. அதில் கொஞ்சம் ஆற்றல் வீணாகிறது. வண்டியை உருளவிடாமல் பிடிக்கும் இந்த இழுபறிதான் உருளல் தடை. நல்ல தார்ச்சாலையில் காருக்கு இது எடையில் 100-ல் 1 முதல் 1.5 பங்கு வரை இருக்கும். அப்படியென்றால் 100-க்கு 1 சரிவில் பல கார்கள் நகரவே நகராது. மின்சார மேட்டின் 86-க்கு 1 சரிவு இந்த எல்லையிலேயே உட்கார்ந்திருக்கிறது. டயரில் காற்று சரியாக இருந்தால் மெல்ல ஊர்ந்து போகும், காற்று குறைவென்றால் நின்றுவிடும். 'எங்கள் காரை மட்டும் மலை இழுக்கவில்லை' என்று ஏமாந்து திரும்புகிறவர்கள் டயரைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னும் சற்றுச் சரிவான சாலையை எடுத்துக்கொள்வோம்: 100-க்கு 3. உருளல் தடைக்கு 1.2 போனால் மிச்சம் 1.8. இந்த மிச்சம்தான் வண்டியை வேகப்படுத்தும். 100 மீட்டர் தூரம் இப்படி உருண்டால் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். பலகைக்குப் பக்கத்தில் எல்லோரும் வியந்து சொல்லும் அதே 20! இதற்குத் தேவைப்பட்டது 100 மீட்டருக்கு 3 மீட்டர் இறக்கம், இரண்டு டிகிரிக்கும் குறைவு.

## மலைக்குள் காந்தம் இருந்தால் என்ன ஆகும்?

1200 கிலோ காரை 100-க்கு 3 மேட்டில் உண்மையாகவே மேலே இழுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 50 கிலோ எடையைத் தூக்கும் விசை வேண்டும். காந்தம் தூரத்தில் இருந்துகொண்டு அந்த விசையைக் கொடுக்க வேண்டுமென்றால், பக்கத்தில் போகப் போக அது பல மடங்கு கூடும். வண்டி வேகம் எடுத்துக்கொண்டே போய் மலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நடப்பது என்ன? சரிவு முடிகிற இடத்தில் வண்டி சாதுவாக நின்றுவிடுகிறது. திரும்பிவரும்போது காந்தத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வர யாரும் சிரமப்பட்டதாகவும் இல்லை.

ரப்பர் பந்தை வைத்துப் பாருங்கள், அதே பக்கம் உருளும். பிளாஸ்டிக் பாட்டிலும் உருளும். மெயின்பாட்டில் தண்ணீரே அப்படிப் போகிறது. இவற்றில் எதையும் காந்தம் இழுக்காது. சாவிக்கொத்து மட்டும் சட்டைப் பையில் சும்மா கிடக்கும்.

உங்கள் கைபேசியிலேயே காந்தப்புலத்தை அளக்கும் உணரி இருக்கிறது. பூமியின் இயல்பான காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவி 1.5 டெஸ்லா என்றால் அது பூமியின் புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அந்தக் கருவியே அறைக்குள் வரும் ஆக்சிஜன் சிலிண்டரைத்தான் இழுக்கும், வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸை அல்ல. கைபேசியில் சோதிக்கும்போது காரைவிட்டு ஐந்தாறு மீட்டர் தள்ளி நில்லுங்கள். காரின் இரும்பே அளவைக் கெடுக்கும், அதைப் பார்த்துவிட்டு 'காந்தம் இருக்கிறது' என்று படம்பிடித்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

விமானக் கதைக்கு ஒரே ஒரு வரி: லே விமான நிலையம் அதே சிந்து நதிப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது, விமானங்கள் நாள்தோறும் அங்கே இறங்கி ஏறுகின்றன.

## 'ஈர்ப்பே அங்கே சாய்ந்திருந்தால்?'

இதுதான் எனக்குப் பிடித்த எதிர்க்கேள்வி. ரசமட்டம், நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டு, தண்ணீர் எல்லாமே புவியீர்ப்பை நம்பித்தான் வேலை செய்கின்றன. அந்த இடத்தில் ஈர்ப்பின் திசையே கோணலாக இருந்தால் கருவிகளும் சேர்ந்து ஏமாறாதா?

பாதி உண்மை இருக்கிற கேள்வி. பெரிய மலைக்குப் பக்கத்தில் தூக்குக்குண்டு மலையை நோக்கி விலகும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். 1774-ல் ஆங்கிலேய வானியலாளர் நெவில் மஸ்கலீன் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலைக்கு வடக்கிலும் தெற்கிலும் நின்று விண்மீன்களை வைத்து அளந்தார். இரு பக்கத்துக்கும் சேர்த்துக் கிடைத்த விலகல் 11.6 விகலை. விகலை என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு.

நம் நாட்டிலும் இது பெரும் தலைவலியாக இருந்திருக்கிறது. 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் நீளம்) அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவைப் பணி, பின்னர் வடக்கே இமயமலை அடிவாரம் வரை நீண்டது. அந்தப் பணியில் கல்யாணா, கல்யாண்பூர் என்ற இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அட்சரேகைக் கோணமாகக் கணக்கிட்டபோது, நிலத்தில் அளந்தால் ஒரு கணக்கும் விண்மீனை வைத்து அளந்தால் வேறு கணக்கும் வந்தது. வித்தியாசம் 5.24 விகலை. இமயமலை தூக்குக்குண்டை இழுக்கிறது என்று கல்கத்தாவில் இருந்த ஜான் பிராட் 1855-ல் கணக்கிட்டுக் காட்டினார். அவர் கணக்குப்படி வித்தியாசம் ஏறத்தாழ 15.9 விகலை வந்திருக்க வேண்டும். ஏன் குறைவாக இருந்தது என்ற கேள்வி மலைகளின் வேர்களைப் பற்றிய புதிய புவியியலுக்கே வழிதிறந்தது, அது தனிக்கதை.

இப்போது நம் சாலைக்கு வருவோம். 5.24 விகலை என்றால் 100 மீட்டர் தூரத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் சாய்வு. வண்டியை 86-க்கு 1 சரிவில் உருட்ட அதே 100 மீட்டருக்கு 1.16 மீட்டர் வேண்டும். 400 மடங்குக்கு மேல் இடைவெளி. இமயமலையே திரண்டு வந்து இழுத்தாலும் ஒரு பந்துகூட அசையாது.

## பேய்க் குழந்தைகளின் கைத்தடம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் ஒரு ரயில்வே கிராசிங் இதே வகையில் புகழ்பெற்றது. பள்ளிப் பேருந்தின் மேல் ரயில் மோதிக் குழந்தைகள் இறந்தார்கள், தண்டவாளத்துக்கு முன்னால் காரை நிறுத்தினால் அவர்களின் ஆவி காரைத் தள்ளி அக்கரை சேர்க்கும் என்பது கதை. சான்றும் தருவார்கள்: காரின் பின்பக்கம் முகப்பவுடர் தூவிவிட்டு, தண்டவாளத்தைக் கடந்தபின் பார்த்தால் குட்டிக் குட்டி விரல் தடங்கள்!

விபத்து நடந்தது உண்மை, ஆனால் அந்த ஊரில் அல்ல. 1938-ல் யூட்டா மாநிலத்தில் நடந்த கோர விபத்து அது. சான் அன்டோனியோ பத்திரிகைகளும் அதைப் பெரிதாக வெளியிட்டன, காலப்போக்கில் ஊர் மாறிப் போனது. கார் உருண்டதற்குக் காரணம் தண்டவாளம் மேட்டில் இருப்பதுபோல் தெரிந்த ஏமாற்றுச் சரிவு.

விரல் தடம்? காவல்துறை தடயவியல் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று யோசித்தால் போதும். விரல் பட்ட இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். நுண்ணிய பொடியைத் தூவினால் பிசுக்கில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். டிக்கியைத் திறந்து மூடிய கைகளின் தடம் தூவுவதற்கு முன்பே அங்கே இருந்தது, பவுடர் அதைக் கண்ணுக்குக் காட்டியது. முழுக்கை படாமல் விரல்நுனி மட்டும் பட்டிருந்தால் தடம் சிறியதாக, குழந்தையுடையது போலவே இருக்கும். பவுடர் தூவும் முன் ஈரத்துணியும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டால் பேய்கள் அன்று விடுமுறை.

சாய்ந்த வீடுகளும் இந்தக் குடும்பம்தான். அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் 1930-ல் திறந்த ஒரு மர்ம வீடு, தங்கச் சுரங்கக் காலத்துப் பழைய கட்டடம். அடித்தளத்திலிருந்து சறுக்கிச் சாய்ந்துவிட்டது. உள்ளே போனால் சுவர், தரை, ஜன்னல் எல்லாம் ஒன்றுபோலச் சாய்ந்திருப்பதால் அதுவே நேராகத் தெரியும், நிமிர்ந்து நிற்கும் மனிதர்தான் கோணலாகத் தெரிவார். இருட்டறைச் சட்டத்தை வீடளவுக்குப் பெரிதாக்கியதுபோல.

## நீங்களே அளக்கலாம்

முதலில் எதை நம்பக்கூடாது என்று பார்ப்போம். கைபேசியின் ஜி.பி.எஸ். காட்டும் உயரம் பல மீட்டர் கூடும், குறையும். நாம் அளக்க வேண்டியதோ ஒன்றிரண்டு மீட்டர். 'மேலே போகப் போக உயரம் கூடியதைக் கைபேசியே காட்டியது' என்ற வாதம் இதனால்தான் நிற்காது. சாலையில் தண்ணீர் ஊற்றுவதும் குழப்பும், ஏனென்றால் மழைநீர் வடியச் சாலைக்குப் பக்கவாட்டில் 100-க்கு 2 அல்லது 2.5 வாட்டம் கொடுத்திருப்பார்கள். நீளவாட்டுச் சரிவைவிட அது அதிகமாக இருந்தால் தண்ணீர் ஓரமாக ஓடிவிடும்.

ஒரு மீட்டர் ரசமட்டம் இருந்தால் சாலையின் நீளவாக்கில், கோட்டுக்கு இணையாக வையுங்கள். கொஞ்சம் கோணலாக வைத்தாலும் பக்கவாட்டு வாட்டம் உள்ளே புகுந்துவிடும். குமிழி எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதுதான் மேடு. அப்படியே தலைமாற்றி வைத்து இன்னொரு முறை பாருங்கள். இரண்டு முறையும் குமிழி சாலையின் ஒரே முனைப்பக்கம் ஒதுங்கினால் மேடு அந்தப் பக்கம்தான் என்பது உறுதி. 86-க்கு 1 சரிவில், தாழ்ந்த முனைக்கடியில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக முட்டுக்கொடுத்தால் குமிழி நடுவுக்கு வந்துவிடும்.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் கொத்தனார்களின் டியூப் லெவல்.

1. கண்ணாடிபோல உள்ளே தெரியும் டியூப் 13 மீட்டர் வாங்குங்கள். 10 மீட்டர் அளக்க 10 மீட்டர் டியூப் போதாது, இரு முனையும் மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும்.
2. வாளியிலிருந்து உறிஞ்சித் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே காற்றுக்குமிழி தங்கக்கூடாது. தங்கினால் அளவு பொய்யாகும்.
3. இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் டியூப் தயார்.
4. முனைகளைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு இருவரும் 10 மீட்டர் இடைவெளிக்குப் போங்கள். அளக்கும்போது இருவருமே விரலை எடுக்க வேண்டும். ஒருவர் மறந்தாலும் தண்ணீர் நகராது.
5. தரையிலிருந்து தண்ணீர் நிற்கும் உயரத்தை இரு பக்கமும் டேப்பால் அளங்கள்.

இங்கே பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள்: உயரம் அதிகமாக வரும் பக்கம்தான் பள்ளம். தண்ணீர் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்க, அங்கே தரை கீழே போயிருக்கிறது. 86-க்கு 1 என்றால் 11 முதல் 12 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும், 100-க்கு 3 என்றால் 30 சென்டிமீட்டர்.

வண்டியை உருட்டிப் பார்ப்பவர்கள் என்ஜினை அணைக்க வேண்டாம். அணைத்தால் பிரேக்குக்கு உதவும் விசை இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பிறகு மிதி கல்லாக இறுகும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளலாம். நியூட்ரலில், என்ஜின் ஓட, கால் பிரேக் மேலேயே இருக்கட்டும். அது லாரிகள் வரும் நெடுஞ்சாலை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அளந்து முடித்துவிட்டு மறுபடி அந்தக் கட்டத்தில் நின்று பாருங்கள். டேப்பில் 30 சென்டிமீட்டர் இறக்கத்தைப் பார்த்த பிறகும் சாலை ஏறுவதாகவேதான் தெரியும். கண்ணுக்குக் கணக்கு புரியாது. பிறகு வண்டியை விட்டிறங்கி, உருண்டு வந்து நின்ற இடத்தையும் தாண்டி நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். பெரும்பாலான ஈர்ப்பு மேடுகளில் அங்கிருந்து பார்த்தால் மாயம் மங்கிவிடும், சில இடங்களில் மொத்தமாகக் கலைந்தே போகும்.